முகத்தை எறிந்துவிட்டுப் பேழையைப் போற்றுவோர்

பழம்பொருள் சேகரிப்போர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் வார்த்தை "பாதுகாப்பு" என்பதாகும். தாம் இல்லாவிடின் இவையெல்லாம் என்றோ குப்பைமேட்டுக்குப் போயிருக்கும் என்பார்கள். பெரும்பாலான பொருள்களைப் பொறுத்தவரை இக்கூற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பொருளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் கைகளே அதனை அழித்துக்கொண்டிருக்கின்றன என்பது எனது குற்றச்சாட்டு. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மக்கள் தமது அன்புக்குரியவர்களின் உருவப்படங்களை வைத்துப் பாதுகாத்த சிறு பேழையே அப்பொருள்.

ஒருபுறம் வியாபாரிகள் இப்பேழையிலிருந்து படத்தை நீக்கி, இரண்டையும் தனித்தனியே விற்கிறார்கள். மறுபுறம், 1995 இல் அமெரிக்க அரசாங்கத்தின் நாணயச் சாலையே இப்பேழையின் உருவத்தை நகல் செய்து, உள்ளே நாணயங்களை வைத்து விற்றது. முன்னையது பேழையிலிருந்து முகத்தை அகற்றியது. பின்னையது முகத்துக்கு இடமே இல்லாத பேழையைப் படைத்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. உள்ளிருப்பதைக் காட்டிலும் உறை பெரிது என்ற எண்ணமே அந்த வேர்.

இலங்கையில் இருந்துகொண்டு அமெரிக்கப் பேழைகளுக்காக ஏன் வாதாடுகிறீர் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பத்திரிகைக் காரியாலயங்களிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்ட பெயர் அழிந்துபோனால் அந்தப் படத்தின் கதி என்ன என்பது எனக்குத் தெரியும். 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்திருந்த கிளிநொச்சித் தாய்மாரைக் கண்ட நாட்டிலிருந்து எழுதுகிறேன். போர்க்காலப் படமொன்றில் முகமும் பெயரும் பிரிந்துபோவது எத்தகைய இழப்பு என்பதை இந்நாட்டவர்க்கு விளக்கவேண்டிய அவசியமில்லை. ஆகவே இது அந்நிய விவகாரமாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இப்பேழை ஏன் தோன்றியது என்பதைப் பார்ப்போம். 1839 இல் பாரிஸ் நகரில் அறிவிக்கப்பட்ட டகெரோடைப் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மீது உருவம் பதிக்கப்பட்டது. பாதரச ஆவியால் வெளிப்படுத்தப்படும் அவ்வுருவம் மிக மென்மையானது. விரல் நுனி பட்டால் அழிந்துவிடும். காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். ஆகையால் தகட்டின்மேல் பித்தளைச் சட்டமொன்றை வைத்து, அதன்மேல் கண்ணாடியை வைத்து, விளிம்புகளைச் சுற்றிக் காகிதப் பட்டியால் ஒட்டி மூடினார்கள். 1840 களின் பிற்பகுதியிலிருந்து அக்கட்டைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகட்டு விளிம்பும் மடிக்கப்பட்டது. இந்தக் கட்டு முழுவதும் பேழையின் ஒரு பாதியில் பொருந்தும். மறுபாதியில் வெல்வெற் அல்லது பட்டுத் துணியாலான மெத்தை இருக்கும். புத்தகம் போல மூடிக் கொக்கியை மாட்டிவிட்டால், அந்த முகம் சட்டைப் பையிலே பயணம் செய்யும்.

பின்னர் கண்ணாடியில் எடுக்கப்படும் அம்ப்ரோடைப்பும், இரும்புத் தகட்டில் எடுக்கப்படும் டின்டைப்பும் 1850 களில் வந்தன. அவையும் இதே பேழைகளிற்குள்தான் வைக்கப்பட்டன. மக்கள் பெரிதும் விரும்பிய "ஆறிலொரு தகடு" என்ற அளவு 2¾ அங்குல அகலமும் 3¼ அங்குல உயரமும் கொண்டது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பேழை படத்துக்கு அலங்காரமன்று, படத்தின் உடம்பு. இதை மனதில் இருத்திக்கொண்டால் எனது வாதத்தின் மீதி எளிதில் விளங்கும்.

தொடக்ககாலப் பேழைகள் மரத்தாலானவை. மேலே சித்திரம் அழுத்திய தோல் போர்த்தியவை. 1854 ஒக்டோபர் 3 ஆம் திகதி, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரைச் சேர்ந்த சாமுவேல் பெக் என்பவர் புதுவகைப் பேழையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அரக்கையும் மரத்தூளையும் சாயத்தோடு சேர்த்து, சூடான உருளைகளுக்கிடையே அரைத்துப் பிசைந்து, உருக்கு அச்சிலே அழுத்தி எடுக்கப்பட்ட பேழை அது. மசாசூசெற்ஸ் மாநிலத்தின் புளோரன்ஸ் என்ற ஊரில் அல்பிரட் கிரிச்லோ என்பவரும் இவற்றைத் தயாரித்தார். கீல்கள் உடைந்து பிய்ந்துபோகாதிருக்க அவர் செய்த ஏற்பாட்டுக்கு 1856 இல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்காவில் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துப் பெருமளவில் விற்ற முதற் பொருள்களில் இது ஒன்று. கொலம்பஸ் கரையிறங்கும் காட்சி, வோஷிங்டன் டெலவெயர் ஆற்றைக் கடக்கும் காட்சி போன்ற புகழ்பெற்ற ஓவியங்கள் இவற்றின் மூடிகளில் புடைப்புச் சித்திரங்களாக அமைந்தன.

இவ்விடத்தில் நமது பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த அரக்கு இந்தியக் காடுகளின் மரக்கிளைகளிலே சிறு பூச்சிகள் சுரந்த பொருள். நமது வீடுகளில் அரக்கு வளையலாகவும், தபாற் பொதிகளில் அரக்கு முத்திரையாகவும் இருந்த அதே அரக்குத்தான், கடல் கடந்து சென்று அமெரிக்கத் தாயொருத்தியின் மகனுடைய முகத்துக்குக் காவலாக இருந்தது. மகாபாரதத்து அரக்கு மாளிகை உள்ளே இருப்பவர்களை எரிப்பதற்காகக் கட்டப்பட்டது. இந்த அரக்குப் பேழையோ உள்ளே இருப்பவரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. இன்றைய சந்தை அதனை மீண்டும் முன்னைய மாளிகையாக மாற்றிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

இப்பேழைக்கு "யூனியன்" பேழை என்று பெயர். இப்பெயரைக் கேட்டவுடன், உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் தரப்பைக் குறிப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். போர் 1861 இல்தான் தொடங்கியது; பேழையோ அதற்கு 7 ஆண்டுகள் முந்தியது. அரக்கும் மரத்தூளும் ஒன்றிணைந்ததையே அப்பெயர் சுட்டியது. வடக்கத்திய வீரனும் தெற்கத்திய வீரனும் இதே பேழைகளைச் சுமந்தார்கள். விற்பனையாளர்கள் செய்யும் மற்றொரு பிழை, இதனைக் "கட்டாபேர்ச்சா" பேழை என்று அழைப்பதாகும். கட்டாபேர்ச்சா என்பது மலாயா நாட்டு மரப்பால். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. யூனியன் பேழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நூறு முறை திருத்தப்பட்ட பின்னரும் விலைப்பட்டியல்களில் இப்பெயர் தொடர்வதற்குக் காரணம், அது கேட்பதற்குப் பெறுமதியாக ஒலிப்பதுதான். பொருளின் பெயரையே சரியாகச் சொல்ல அக்கறையில்லாத சந்தையில், அதற்குள் இருந்த மனிதரின் பெயருக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இனி அந்த மனிதரின் பெயருக்கு வருகிறேன். உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். இன்றைய இராணுவத்தினர் கழுத்தில் அணியும் அடையாளத் தகடு அக்காலத்தில் அரசால் வழங்கப்படவில்லை. கெட்டிஸ்பேர்க் தேசிய மயானத்தில் அடக்கஞ்செய்யப்பட்ட அப்போரின் வீரர்கள் 3,500 பேருக்கு மேல். அவர்களில் 979 பேருடைய கல்லறைகளில் பெயரில்லை, எண் மட்டுமே உண்டு. அத்தகைய காலத்தில், இறந்தவனின் பையிலோ கையிலோ இருந்த படமே சில வேளைகளில் அவனது கடைசிச் சாட்சியாக அமைந்தது.

1863 ஜூலை 1 ஆம் திகதி கெட்டிஸ்பேர்க் நகரில் ஒரு வீரன் இறந்து கிடந்தான். அவனைப் பற்றி அறிய எந்தக் குறிப்பும் இல்லை. அவனிடம் இருந்தது ஓர் அம்ப்ரோடைப் மாத்திரமே. அதில் மூன்று பிள்ளைகள். அப்படம் பிலடெல்பியாவைச் சேர்ந்த போர்ன்ஸ் என்ற வைத்தியரின் கைக்குச் சென்றது. அவர் செய்தித்தாள்களை நாடினார். பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகை அவ்வாண்டு ஒக்டோபர் 19 ஆம் திகதி, அவன் யாருடைய தந்தை என்று கேட்கும் தலைப்போடு செய்தி வெளியிட்டது.

அன்றைய பத்திரிகைகளுக்குப் புகைப்படத்தை அப்படியே அச்சிடும் வசதி கிடையாது. ஆகவே அப்படத்தைச் சொற்களால் வரைந்தார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், ஏறத்தாழ என்ன வயது, எப்படி அமர்ந்திருக்கிறார்கள் என்பவற்றோடு, மூத்த பையனின் சட்டையும் அவனது தங்கையின் கவுனும் ஒரே துணியில் தைக்கப்பட்டவை என்பதையும் எழுதினார்கள். எந்த நிருபருக்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை என்பேன். ஒரே துணியில் இரு பிள்ளைகளுக்கும் தைத்த தாய் எங்கோ இருக்கிறாள். அவள் இதை வாசித்தால் அறிந்துகொள்வாள். அவ்வாறே நடந்தது. அச்செய்தியை மறுபிரசுரம் செய்த சமயப் பத்திரிகையொன்று நியூயோர்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரை அடைந்தது. பிலிண்டா ஹியூமிஸ்ரன் என்ற பெண்ணுக்கு, தான் கணவனுக்கு அனுப்பிய படம் அது என்று விளங்கிற்று. இறந்தவன் 154 ஆவது நியூயோர்க் காலாட்படையின் சார்ஜன்ட் ஆமோஸ் ஹியூமிஸ்ரன்.

இந்நிகழ்ச்சி இன்றைய சேகரிப்பாளர் ஒருவரின் மேசையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். "பெயர் தெரியாத மூன்று பிள்ளைகள்" என்பது சந்தையில் விலைபோகும் தலைப்பன்று. சீருடையும் துப்பாக்கியும் தரித்த வீரனின் படத்துக்கே விலை. பெண்களும் குழந்தைகளும் மலிவு. பேழை அழகானதாக இருந்திருந்தால் பிள்ளைகளை உருவி எறிந்துவிட்டு, வேறொரு வீரனின் படத்தை அதில் பொருத்தியிருப்பார்கள். வியாபாரிகள் இதனைக் "கலியாணம்" என்று ஆங்கிலத்தில் பகிடியாக அழைக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் அறியாத இக்கலியாணத்தில் தரகனுக்கு மட்டுமே இலாபம்.

இக்கலியாணத்தால் விளையும் கேடு அழகியல் சார்ந்ததன்று. அது சாட்சியத்தை அழிப்பது. படத்தின் பெயர் பெரும்பாலும் படத்தில் இல்லை, பேழையில் இருக்கிறது. தகட்டுக் கட்டை வெளியே எடுத்தால், அதன் பின்னால் மடித்து வைத்த காகிதத் துண்டு, உட்புறத்தில் பென்சிலால் கிறுக்கிய பெயரும் திகதியும், பத்திரிகைத் துணுக்கு, ஒரு சுருள் தலைமயிர் ஆகியன அகப்படுவதுண்டு. மெத்தையில் படம்பிடித்தவரின் பெயரும் ஊரும் அழுத்தப்பட்டிருப்பதுமுண்டு. படத்தை வேறு பேழைக்கு மாற்றிய கணமே, ஒரு குடும்பத்தின் பெயர் இன்னொரு குடும்பத்தின் முகத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது. பெயரில்லாத படம் அநாதை; பிழையான பெயருள்ள படமோ பொய்ச்சாட்சி. அநாதைக்காவது என்றோ ஒருநாள் உறவு கிடைக்கலாம். பொய்ச்சாட்சி, தேடி வருபவரை வேறு வழியில் அனுப்பிவிடும்.

இம்மோசடியைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. டகெரோடைப் தகடு கறுக்கும்போது, பித்தளைச் சட்டத்தின் திறப்பு எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தை ஒட்டியே கறுக்கும். கறுப்பு வளையம் முட்டை வடிவிலும் சட்டத்தின் திறப்பு எண்கோண வடிவிலும் இருந்தால், இருவரும் பிறவித் துணைவர் அல்லர் என்பது வெளிப்படை. 1840 களின் எளிய தடித்த சட்டத்தோடு 1850 களின் பிற்பகுதிக்குரிய பூவேலை செய்த பித்தளை விளிம்பு சேர்ந்திருந்தாலும், பழைய காகிதப் பட்டிக்குப் பதிலாகப் புதுப் பட்டி ஒட்டியிருந்தாலும் கேள்வி கேட்கவேண்டும். ஆனால் எத்தனை பேர் கேட்கிறார்கள்? விலையைக் கேட்பவர்களே அதிகம்.

சேகரிப்பாளர்களின் பங்களிப்பை நான் மறைக்க விரும்பவில்லை. ரைன்ஹார்ட் தம்பதியர் 1969 இல் இப்பேழைகளின் கலை பற்றி நூல் எழுதினார்கள். 1988 இல் கிரெய்னிக் தம்பதியரின் நூலும், 1995 இல் போல் பேர்க் தயாரித்த விரிவான பட்டியல் நூலும் வந்தன. எந்தச் சித்திரம் எந்தத் தயாரிப்பாளருடையது, எந்த அளவில் வந்தது என்பதை இவர்களின் உழைப்பின்றி நாம் அறிந்திருக்க மாட்டோம். நூதனசாலைகளே இன்று இந்நூல்களின் எண்களைக் கொண்டுதான் பேழைகளைப் பதிவு செய்கின்றன. குறை அந்த அறிஞர்களிடத்தில் இல்லை. அவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த எண் என்னிடம் இல்லை" என்று வேட்டைக்குக் கிளம்புகிறவர்களிடத்திலேயே குறை இருக்கிறது. இன்று மூடியில் உள்ள பூச்சாடிக்கு எண் இருக்கிறது. உள்ளே இருந்த பெண்ணுக்குப் பெயர் இல்லை. நெல்லைக் கொட்டிவிட்டு உமியை அளக்கும் இவ்வேலைக்குப் பாதுகாப்பு என்று பெயரிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி நாணயங்களுக்கு வருவோம். உள்நாட்டுப் போர்க்களங்களை நினைவுகூர்வதற்காக அமெரிக்கக் கொங்கிரஸ் 1992 இல் சட்டமொன்றை நிறைவேற்றியது. அதன்படி 1995 இல் மூன்று நாணயங்கள் வெளியாயின. அரை டொலர் நாணயத்தில் முரசறையும் சிறுவன். வெள்ளி டொலரில், காயமுற்றுக் கிடக்கும் எதிரியின் உதட்டில் தனது தண்ணீர்க் குடுவையை வைக்கும் வீரன். 5 டொலர் பொன் நாணயத்தில் குதிரைமீதிருந்து எக்காளம் ஊதுபவன். ஒவ்வொரு நாணயத்தின் விலையிலும் ஒரு பங்கு போர்க்கள நிலங்களைப் பாதுகாப்பதற்கென ஒதுக்கப்பட்டது. அரை டொலருக்கு 2 டொலர், வெள்ளிக்கு 7 டொலர், பொன்னுக்கு 35 டொலர் என்பது கணக்கு. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. எதிரிக்குத் தண்ணீர் கொடுக்கும் வீரனை நாணயத்தில் பொறித்த அரசை நான் பாராட்டவே செய்வேன்.

எனது முறைப்பாடு, இந்நாணயங்களை விற்ற விதங்களில் ஒன்றைப் பற்றியது. பழைய யூனியன் பேழையின் சாயலில் பேழைகளைச் செய்வித்து, அவற்றுள் நாணயங்களைப் பதித்து "யூனியன்" தொகுதி என்று விற்றார்கள். நாணயச் சாலை யாரையும் ஏமாற்றவில்லை. இது பழம்பொருள் என்று அது சொல்லவுமில்லை. எனினும் அதன் பொருளைச் சிந்தியுங்கள். பழைய பேழையைத் திறந்தவன் எதிர்கொண்டது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகத்தை. புதிய பேழையைத் திறப்பவன் எதிர்கொள்வது ஒரு விலையை. துக்கத்தின் பாத்திரத்தை எடுத்து அதில் காசை இட்டு நிரப்பினால் அது ஞாபகார்த்தமாகிவிடுமா? அடையாளமற்றுப் புதைக்கப்பட்டவர்களின் நினைவுக்காக வெளியிடப்பட்ட நாணயம், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய ஒரே பொருளின் வடிவத்தை வெறும் அலங்காரப் பெட்டியாகச் சுருக்கிவிட்டது.

இதன் பின்விளைவையும் பார்க்கவேண்டும். நாணயம் சேர்ப்போர் பலர் இத்தகைய தொகுதிகளிலிருந்து நாணயங்களைப் பெயர்த்தெடுத்து, தரமிடும் நிறுவனங்களுக்கு அனுப்பி, முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து வைக்கிறார்கள். அப்போது பேழை வெறுமையாகிறது. முகத்தைப் பெயர்த்த அதே பழக்கம் இப்போது நாணயத்தையும் பெயர்க்கிறது. ஊர் மாறினாலும் குணம் மாறவில்லை. வெறுமையான நகற் பேழை கைமாறிக் கைமாறி, அதன் பிறப்பை அறியாத ஒருவரிடம் வந்து சேரும்போது, பழைய டின்டைப் ஒன்றை அதில் செருகுவதற்கு என்ன தடை?

சட்டத்தில் தடை ஏதும் எனக்குத் தென்படவில்லை. அமெரிக்காவில் 1973 இல் பொழுதுபோக்குச் சேகரிப்புகளைப் பாதுகாக்கும் சட்டமொன்று வந்தது. அதன்படி நாணயத்தின் போலியை உற்பத்தி செய்பவர் அதில் "நகல்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பொறிக்கவேண்டும். தேர்தல் சின்னங்கள் போன்ற அரசியற் பொருள்களின் போலியில் தயாரித்த ஆண்டைப் பொறிக்கவேண்டும். இவ்விரு வகைகளோடு அச்சட்டத்தின் அந்தக் கட்டாயம் நின்றுவிடுகிறது. அதாவது, பேழைக்குள் வைக்கும் காசு போலியானால் சட்டம் குரல்கொடுக்கும். பேழையே போலியானால் அது வாய்திறவாது. காசுக்கு இருக்கும் காவல் முகத்துக்கு இல்லை. ஒரு சமூகம் எதனை உண்மையில் பெறுமதியாகக் கருதுகிறது என்பதை அறிய அதன் பேச்சுகளைக் கேட்பதை விடச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவது நல்லது.

இவ்விடத்தில் எழக்கூடிய ஆட்சேபனைகள் சிலவற்றுக்குப் பதில் சொல்லவேண்டியது நியாயம்.

"நகலே கூடாது என்கிறீரா?" என்று கேட்கலாம். இல்லை. ஹியூமிஸ்ரனின் பிள்ளைகளைத் தாயிடம் கொண்டுசேர்த்ததில் நகலுக்கும் பங்குண்டு. வைத்தியர் போர்ன்ஸ் முதலில் அனுப்பிவைத்தது அட்டையில் எடுத்த படப் பிரதியையே. பின்னர் அப்பிரதிகள் விற்கப்பட்ட பணமும் சேர்ந்து கெட்டிஸ்பேர்க்கில் 1866 இல் போர்வீரர்களின் அநாதைகளுக்கான இல்லம் தொடங்கப்பட்டது. அது முகத்தை நகல் செய்தது. முகத்துக்குப் பெயர் தேடியது. நாணயப் பேழையோ முகத்தை விட்டுவிட்டு உறையை நகல் செய்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல. அவ்வில்லத்தின் முடிவும் நமக்கு எச்சரிக்கைதான். மேற்பார்வையாளராக இருந்த பெண் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தினார் என்றும் போர்ன்ஸ் நிதியைக் கையாடினார் என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்து, 1877 இல் இல்லம் மூடப்பட்டது. நினைவைக் காசாக்கும்போது நல்ல நோக்கம் மட்டும் காவலாகாது. கணக்குக் கேட்பவர்களும் வேண்டும்.

"படத்திலிருப்பவர் யாரென்று எவருக்கும் தெரியாது, 150 ஆண்டுகள் கடந்துவிட்டன, எதை இழந்தோம்?" என்பது இரண்டாவது ஆட்சேபனை. தெரியவில்லை என்பது வேறு, தெரியவே முடியாது என்பது வேறு. 2010 இல் வெர்ஜீனியாவைச் சேர்ந்த நகை வணிகர் ரொம் லில்ஜன்குவிஸ்ட், தாமும் தமது மகன்மாரும் சேகரித்த நூற்றுக்கணக்கான உள்நாட்டுப் போர்க்கால அம்ப்ரோடைப், டின்டைப் படங்களை வோஷிங்டனிலுள்ள கொங்கிரஸ் நூலகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். படங்களில் உள்ளவர்களிற் பெரும்பாலானோர் பெயரறியப்படாத சாதாரணச் சிப்பாய்கள். நூலகம் அவற்றை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தது. அடையாளம் காண உதவுமாறு பொதுமக்களிடம் கேட்டது. பதிவுகளில் பேழையின் விவரமும் இடம்பெற்றுள்ளது. இதுவும் சேகரிப்புத்தான். இதனைச் செய்தவரும் பணம் கொடுத்துச் சந்தையில் வாங்கியவர்தான். ஆகவே சேகரிப்பவரெல்லாம் குற்றவாளிகள் என்பது எனது கட்சியன்று. முகத்தை முதலில் வைத்துச் சேகரிப்பது இயலும் என்பதற்கு இவரே சாட்சி. இயலும் என்றால், அவ்வாறு செய்யாதவர்களுக்குச் சாக்கில்லை.

"நான் காசு கொடுத்து வாங்கியது, பிரிப்பதும் சேர்ப்பதும் என் உரிமை" என்பது மூன்றாவது. சட்டப்படி உரிமைதான். ஆனால் உறையை வாங்குபவன் அதனுள் இருக்கும் கடிதத்தை எழுதியவனாகிவிட மாட்டான். படமெடுக்க அமர்ந்த அந்த மனிதன் யாரோ ஒருவருக்காகவே அமர்ந்தான். அந்த ஒருவர் இறந்துவிட்டார் என்பதால் அவனது முகம் நமது சில்லறைப் பொருளாகிவிடுவதில்லை. தற்போதைய உரிமையாளர் உண்மையில் காவலாளி. தமக்கு அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கும்வரை வைத்திருப்பவர்.

ஆகவே சேகரிப்பாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒன்றாக வந்ததைப் பிரிக்காதீர்கள். பழைய கண்ணாடி கசிந்து தகட்டைக் கெடுக்கும் நிலையில், அனுபவமுள்ள நிபுணர் கட்டைத் திறக்கவேண்டி நேரலாம். அப்போது உள்ளே அகப்படும் ஒவ்வொரு துண்டையும் படமெடுத்துப் பதிந்து, மீண்டும் அங்கேயே வையுங்கள். ஏற்கெனவே வெறுமையாகிவிட்ட பேழையை வெறுமையாகவே விடுங்கள்; வெறுமையும் ஓர் உண்மைதான். வேறு படத்தை வைத்தே தீரவேண்டுமென்றால் அதனை எழுதி உள்ளே வையுங்கள். மதுசாரத்தால் பேழையைத் துடைக்காதீர்கள்; அரக்கு கரைந்துவிடும். நகல் செய்பவர்களே, அழியாத எழுத்தில் நீங்கள் செய்த ஆண்டை உட்புறத்தில் பொறியுங்கள். அரசாங்கம் செய்தாலும் இதுவே நியாயம்.

விற்பவர்களிடம் கேட்பது இன்னும் குறைவு. விளம்பரத்தில் பேழையின் எண்ணைப் போடும் இடத்தில், "படம் இப்பேழைக்கு உரியதா, அன்றா, தெரியவில்லையா" என்ற ஒரு வரியையும் போடுங்கள். ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அதை எழுதத் தயங்குகிற வியாபாரியிடம் வாங்காதிருக்க வாங்குபவர் கற்றுக்கொண்டால், சட்டம் செய்யாததைச் சந்தையே செய்துவிடும்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை என்று நம்மவர் சொல்வதுண்டு. இங்கே சித்திரத்தையும் எறிந்துவிட்டு அதைச் சுற்றியிருந்த பெட்டியை வாங்குகிறார்கள். 1863 இல் ஒரு பத்திரிகை, படத்தை அச்சிட வழியில்லாமல், இரு பிள்ளைகள் உடுத்திருந்த ஒரே துணியைப் பற்றி எழுதி ஓர் இறந்த மனிதனுக்குப் பெயர் கொடுத்தது. இன்று படத்தை நொடியில் உலகெங்கும் அனுப்பும் வசதி நமக்கு இருக்கிறது. அவ்வசதியைக் கொண்டு மூடியிலுள்ள பூச்சாடியின் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், மூடியைத் திறந்து உள்ளே இருப்பவரின் பெயரையும் ஒரு தடவை தேடட்டும்.